‘நஞ்சில்லை’ எனச் சொல்லுமுன் : புதுமருந்து ஆய்வில் உயிரணு நச்சுச் சோதனை

முன்னுரை

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் வேதியியல் ஆய்வுக்கூடத்துச் செய்திக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். வினா முறையானதே. ஆயினும், அறிவியல் செய்தி ஒன்றை நம் மொழியில் சொல்லிப் பார்க்கும்போதுதான் அதில் எது தெளிந்தது, எது தெளியாதது என்பது நமக்கே புலப்படுகிறது. கலைச்சொல்லின் மறைவில் ஒளிந்திருக்கும் ஐயங்கள் தாய்மொழியின் வெளிச்சத்தில் வெளிவந்துவிடுகின்றன.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’ எனப் பெயர் பெற்றது. அதனைக் கற்போர் அதில் பச்சிலையின் பெயரோ வேரின் பெயரோ வரக் காணார். உண்ணும் அளவே அங்கு வற்புறுத்தப்படுகிறது. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது நம் வீடுகளில் வழங்கும் பழமொழி. 1493இல் சுவிட்சர்லாந்தில் பிறந்த பாராசெல்சஸ் என்னும் மருத்துவரும், நஞ்சல்லாத பொருள் ஏதுமில்லை, அளவே ஒரு பொருளை நஞ்சாக்குகிறது என்னும் கருத்தை நிலைநாட்டினார். இன்றைய நச்சியல் துறை அவ்வடித்தளத்தின் மீதே நிற்கிறது.

அப்படியாயின், புதிதாக உருவாக்கப்பட்ட ஒரு வேதிச் சேர்மம் எந்த அளவில் மருந்து, எந்த அளவில் நஞ்சு என்பதை எங்ஙனம் அறிவது? மனிதருக்குக் கொடுத்துப் பார்த்து அறிவது அறமன்று. விலங்குகள் அனைத்திற்கும் கொடுத்துப் பார்த்தலும் இயலாது. அதுவும் அறத்தின் வினாவுக்கு உட்பட்டதே. எனவே அறிவியலார் உடலின் மிகச் சிறிய உயிருள்ள அலகாகிய உயிரணுவிடம் முதலில் கேட்கின்றனர். அக்கேள்வி கேட்கப்படும் முறையையும், கிடைக்கும் விடையின் எல்லையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சோதியாத மருந்தின் விலை

மருந்தைச் சோதிக்க வேண்டும் என்னும் எண்ணம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 980 முதல் 1037 வரை வாழ்ந்த இப்னு சீனா, தம் ‘அல்-கானூன்’ என்னும் மருத்துவப் பெருநூலின் இரண்டாம் பகுதியில், மருந்தின் ஆற்றலைச் சோதித்தறிவதற்குரிய விதிகளை வகுத்தார். மருந்து கலப்பின்றித் தூயதாக இருத்தல் வேண்டும். அதன் விளைவு மீண்டும் மீண்டும் ஒரே வகையாகக் காணப்படுதல் வேண்டும். சிங்கத்திடமோ குதிரையிடமோ கண்ட விளைவு மனிதனிடமும் அவ்வாறே நிகழும் எனக் கொள்ளுதல் ஆகாது என்பன அவற்றுள் அடங்கும். இக்கடைசி விதியை மாணவர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழித்து அதன் உண்மை எவ்வளவு கொடுமையான முறையில் மெய்ப்பிக்கப்பட்டது என்பதைப் பின்னர்க் காண்போம்.

1937ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் நிகழ்ந்தது மற்றொரு பாடம். சல்பனிலமைடு என்னும் மருந்து அந்நாளில் நுண்ணுயிர்த் தொற்றுகளுக்குக் கைகண்ட மருந்தாக விளங்கிற்று. அதனை இனிப்பு நீர்மமாக்க விரும்பிய ஒரு நிறுவனம், டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் கரைப்பானில் அதனைக் கரைத்து விற்றது. விற்பனைக்குமுன் அந்நீர்மத்தின் சுவையையும் மணத்தையும் தோற்றத்தையும் சோதித்தனர், நச்சுத்தன்மையைச் சோதிக்கவில்லை. அக்காலச் சட்டமும் அதனைக் கோரவில்லை. கரைப்பான் சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்ய, குழந்தைகள் உட்பட 100க்கு மேற்பட்டோர் இறந்தனர். அதன் விளைவாகவே 1938இல், விற்பனைக்குமுன் மருந்தின் பாதுகாப்பை மெய்ப்பிக்க வேண்டும் என்னும் சட்டம் அந்நாட்டில் பிறந்தது.

கேடு விளைவித்தது மருந்தன்று, மருந்தைக் கரைத்த நீர்மம் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. ‘கரைப்பானையும் சோதி’ என்பது இன்று உயிரணு ஆய்வுக்கூடத்தின் முதல் விதிகளுள் ஒன்றாக உள்ளது.

உடலுக்கு வெளியே உயிரணு

1907இல் ராஸ் ஹாரிசன் என்னும் அமெரிக்க அறிஞர், தவளைக் கருவின் நரம்புத் திசுவை உடலுக்கு வெளியே எடுத்து, நிணநீர்த் துளி ஒன்றில் வைத்து, நரம்பிழை வளர்வதைக் கண்ணால் கண்டார். உயிரணு உடலைவிட்டு வெளியேயும் வாழக்கூடும் என்பது அதனால் உறுதியாயிற்று. ஆயினும் மனித உயிரணுக்களை இடையறாது வளர்ப்பது நெடுங்காலம் கைகூடவில்லை. சில நாட்களிலோ வாரங்களிலோ அவை மடிந்தன.

1951இல் அந்நிலை மாறிற்று. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஐந்து குழந்தைகளின் தாயாகிய ஹென்ரியெட்டா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி, கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றார். அவருடைய கட்டியிலிருந்து எடுக்கப்பட்ட உயிரணுக்களை ஜார்ஜ் கை என்பவர் வளர்ப்பு ஊடகத்தில் இட்டபோது அவை மடியவில்லை. ஏறத்தாழ ஒரு நாளுக்கு ஒருமுறை இரட்டித்தன. அப்பெண்மணி அவ்வாண்டு அக்டோபர் 4ஆம் நாள் 31ஆம் வயதில் மறைந்தார். அவர் பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கிய ‘ஹீலா’ உயிரணுக்களோ உலகெங்கும் பரவி இன்றளவும் வளர்ந்துகொண்டிருக்கின்றன.

இவ்வுயிரணுக்கள் ஆய்வுக்கு எடுக்கப்பட்டதை அவர் அறியார். அவரிடம் இசைவு கேட்கப்படவும் இல்லை. அவருடைய குடும்பத்தினருக்குச் செய்தி எட்டியதே 1970களில்தான். அவ்வுயிரணுக்களால் பொருளீட்டிய ஒரு நிறுவனத்துடன் குடும்பத்தினர் தொடுத்த வழக்கு 2023ஆம் ஆண்டில்தான் உடன்பாட்டில் முடிந்தது.

கல்லீரல் நச்சுச் சோதனைகளில் பெரிதும் பயன்படும் ‘ஹெப் ஜி2’ என்னும் உயிரணு வரிசையும் அத்தகையதே. அது அர்ஜென்டீனா நாட்டைச் சேர்ந்த 15 வயதுச் சிறுவன் ஒருவனின் கல்லீரல் கட்டியிலிருந்து 1970களில் பெறப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் நாம் ‘மாதிரி’ என வழங்கும் பொருளுக்குப் பின்னால் ஒரு நோயாளியும் ஒரு வீடும் இருந்தன என்பதை மறவாதிருத்தல் ஆய்வாளனின் கடமை.

சோதனை நடைபெறும் முறை

உயிரணு நச்சுச் சோதனை நடைபெறும் களம் உள்ளங்கையளவு நெகிழித் தட்டு ஒன்றாகும். அதில் 8 வரிசையும் 12 நிரலுமாக 96 சிறு குழிகள் இருக்கும். இத்தகைய குழித்தட்டினை முதன்முதல் உருவாக்கியவர் அங்கேரி நாட்டு மருத்துவர் யூலா டக்காச்சி. 1951இல் இன்ஃப்ளுயென்சா ஆய்வுக்கெனக் கண்ணாடி போன்ற நெகிழியில் அவர் கையால் குடைந்து செய்த தட்டில் 72 குழிகள் இருந்தன. சோதனைக் குழாய்களுக்குத் தட்டுப்பாடு நிலவிய நாட்டில் பிறந்த அந்த எளிய கருவியின் வழித்தோன்றல்களாக இன்று 384 குழிகளும் 1,536 குழிகளும் கொண்ட தட்டுகள் வந்துள்ளன. அவற்றில் நீர்மத்தைச் சொட்டவிடும் பணியை எந்திரங்களே செய்கின்றன.

சோதனையின் படிகளை வரிசையாகக் காண்போம்.

முதற்படியில், ஒவ்வொரு குழியிலும் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 உயிரணுக்கள், ஊட்டம் நிறைந்த ஊடகத்துடன் இடப்படுகின்றன. தட்டு, உடல் வெப்பமாகிய 37 டிகிரி செல்சியசில், 5 விழுக்காடு கார்பன் டைஆக்சைடு நிறைந்த காற்றில் ஒரு நாள் வைக்கப்படுகிறது. உயிரணுக்கள் குழியின் அடியில் ஒட்டிக்கொள்கின்றன.

இரண்டாம் படியில், சோதிக்க வேண்டிய சேர்மம் பல செறிவுகளில் சேர்க்கப்படுகிறது. ஒரு குழியில் 100 மைக்ரோமோலார் எனின், அடுத்ததில் அதன் மூன்றில் ஒரு பங்கு, அதற்கடுத்ததில் அதிலும் மூன்றில் ஒரு பங்கு என அளவு இறங்கிச் செல்லும். ஒவ்வோர் அளவும் குறைந்தது மூன்று குழிகளில் இடப்படும். ஒரு குழியில் கண்டது தற்செயலாக இருக்கலாம். மூன்றிலும் கண்டால் நம்பலாம்.

மூன்றாம் படி ஒப்பீட்டுக் குழிகள். சில குழிகளில் சேர்மமின்றிக் கரைப்பான் மட்டும் இடப்படும். பெரும்பாலான சேர்மங்கள் டைமீதைல் சல்பாக்சைடு என்னும் நீர்மத்தில் கரைக்கப்படுவதால், அந்நீர்மமே உயிரணுவைக் கொல்கிறதா எனப் பார்க்க வேண்டும். 1937இன் பாடம் இங்கே ஒரு வரிசைக் குழிகளாக அமர்ந்திருக்கிறது. வேறு சில குழிகளில், உயிரணுக்களை உறுதியாகக் கொல்லும் சலவைப் பொருள் ஒன்று இடப்படும். முழு வாழ்வும் முழுச் சாவும் எவ்வாறு தோன்றும் என்பதை இவ்விருவகைக் குழிகளும் காட்டுகின்றன. உயிரணுவே இல்லாத வெற்றுக் குழிகளும் வேண்டும். தட்டின் ஓரக் குழிகளில் நீர் விரைந்து ஆவியாகிச் செறிவு மாறிவிடுமாதலால், கவனமுடைய ஆய்வாளர் அவற்றைச் சோதனைக்குப் பயன்படுத்தாது நீர்மத்தால் நிரப்பி விட்டுவிடுவர்.

நான்காம் படியில், 24 மணி முதல் 72 மணி நேரம் கழித்து, யார் பிழைத்தார், யார் மடிந்தார் எனக் கணக்கெடுக்கப்படுகிறது. கோடிக்கணக்கான உயிரணுக்களை நுண்ணோக்கியில் எண்ணுதல் இயலாது. இதற்கு 1983இல் டிம் மோஸ்மன் என்பவர் எளிய வழியொன்றை வெளியிட்டார். எம்.டி.டி. எனச் சுருங்க வழங்கும் மஞ்சள் நிறச் சாயத்தைக் குழிகளில் சேர்த்தால், உயிருள்ள உயிரணுவின் நொதிகள் அதனை ஊதா நிறப் படிகமாக மாற்றும். மடிந்த உயிரணு மாற்றாது. படிகத்தைக் கரைத்து, 570 நானோமீட்டர் அலைநீள ஒளியைச் செலுத்தி, எவ்வளவு ஒளி உறிஞ்சப்படுகிறது என அளந்தால், ஊதா மிகுந்த குழியில் உயிர் மிகுந்துள்ளது என அறியலாம்.

கணக்கு எளியது. கரைப்பான் மட்டும் இட்ட குழியின் அளவீடு 1.05, வெற்றுக் குழியின் அளவீடு 0.05, சேர்மம் இட்ட குழியின் அளவீடு 0.55 எனக் கொள்வோம். வெற்றுக் குழியின் அளவைக் கழித்தால் முறையே 1.00, 0.50 ஆகும். ஆகவே அச்செறிவில் உயிர்ப்பு 50 விழுக்காடு.

ஒரு கேள்வி போதாது

எம்.டி.டி. சோதனை உயிரணுவிடம் ‘நீ உழைக்கிறாயா?’ என்று கேட்கிறது. உழைப்பு நின்றதும் சாவும் ஒன்றல்ல. வளர்ச்சி தடைப்பட்டு எண்ணிக்கை பெருகாத உயிரணுக் கூட்டமும் ஊதா குறைந்தே தோன்றும். எனவே வேறு கேள்விகளும் கேட்கப்படுகின்றன.

உயிரணுவின் சவ்வு கிழிந்தால் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்னும் நொதி வெளியே கசியும். வெளி நீர்மத்தில் அதனை அளப்பது ‘உன் சுவர் இடிந்ததா?’ என்னும் கேள்வி. டிரிப்பான் நீலம் என்னும் சாயத்தை உயிருள்ள உயிரணு உள்ளே விடாது, இறந்ததோ நீலமாகிவிடும். நடுநிலைச் சிவப்பு என்னும் சாயத்தையோ உயிருள்ளது ஏற்றுக்கொள்ளும், இறந்தது ஏற்காது. ஒன்றை விலக்குதலும் மற்றொன்றை ஏற்றலும் உயிரின் இலக்கணம் என்பது சிந்தனைக்குரியது. உயிரணுவின் ஆற்றல் நாணயமாகிய ஏ.டி.பி. மூலக்கூற்றை, மின்மினிப் பூச்சியின் ஒளி நொதியைக் கொண்டு அளக்கும் முறையும் உண்டு. உயிர் உள்ளவரை குழி ஒளிரும்.

உயிரணு சாகும் முறையும் ஒன்றன்று. வெடித்துச் சிதறும் சாவு ஒன்று. உயிரணு தன்னைத்தானே ஒழுங்காக மடித்துக்கொள்ளும் திட்டமிட்ட சாவு மற்றொன்று. பின்னதற்கு 1972இல் கெர், வில்லி, கர்ரி என்னும் மூவர் ‘அப்பாப்டோசிஸ்’ எனப் பெயரிட்டனர். ஒரு சேர்மம் எவ்வழியில் கொல்கிறது என்பதை அறிந்தால்தான் அதன் கேட்டைத் திருத்த இயலுமா, கைவிட வேண்டுமா என முடிவு செய்யலாம்.

எண்ணும் அதன் பொருளும்

பல செறிவுகளில் கிடைத்த உயிர்ப்பு விழுக்காடுகளை வரைபடமாக்கினால், சரிந்து வளையும் கோடு ஒன்று கிடைக்கும். பாதி உயிர்ப்பு இழக்கப்படும் செறிவு ‘50 விழுக்காட்டு நச்சுச் செறிவு’ எனப்படும். தனியே நின்றால் இவ்வெண்ணுக்குப் பொருளில்லை. நோயைத் தடுக்கத் தேவையான செறிவுடன் ஒப்பிடும்போதுதான் பொருள் பிறக்கிறது.

எடுத்துக்காட்டாக, ‘அ’ என்னும் சேர்மம் 2 மைக்ரோமோலார் செறிவில் வைரசின் பெருக்கத்தைப் பாதியாக்குகிறது. 100 மைக்ரோமோலாரில்தான் உயிரணுக்களுள் பாதி மடிகின்றன எனக் கொள்வோம். 100ஐ 2ஆல் வகுக்க 50 கிடைக்கும். ‘ஆ’ என்னும் சேர்மமோ 1 மைக்ரோமோலாரிலேயே வைரசைப் பாதியாக்குகிறது. ஆனால் 3 மைக்ரோமோலாரில் உயிரணுக்களும் பாதியாகின்றன. இதன் வகுத்தொகை 3. வைரசை ஒடுக்கும் ஆற்றலில் ‘ஆ’ முந்துகிறது. மருந்தாகும் தகுதியில் ‘அ’ முந்துகிறது. இவ்வகுத்தொகையைத் தெரிவுக்குறியீடு என்பர்.

இதில் நுட்பமான பொறியொன்றும் உண்டு. வைரசு உயிரணுவுக்குள் மட்டுமே பெருகும். உயிரணுவே மடிந்தால் வைரசும் பெருகாது. எனவே உயிரணுவைக் கொல்லும் எந்தப் பொருளும், மேலோட்டமாகப் பார்ப்பவனுக்கு வைரசு மருந்தாகத் தோன்றும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவன் கதைதான் அது. ஆய்வின் தொடக்கத்திலேயே நச்சுச் சோதனையை ஏன் உடன் நடத்த வேண்டும் என்பதற்கு இதுவே தலையாய காரணம். பல்லாயிரம் சேர்மங்களை வடிகட்டும் முதற்கட்டத்தில் போலிகளை விலக்காவிடில், ஆண்டுக்கணக்கான உழைப்பும் பெரும்பொருளும் வீணாவதுடன், பின்னர் நோயாளியின் உயிருக்கும் ஊறு நேரும்.

எந்த உயிரணுவிடம் கேட்கிறோம் என்பதும் முக்கியம். கொரோனா பெருந்தொற்றுக் காலமான 2020இல், குளோரோகுயின் மருந்து ‘வீரோ’ என்னும் ஆப்பிரிக்கக் குரங்கின் சிறுநீரக உயிரணுக்களில் அவ்வைரசைத் தடுத்தது. அவ்வாண்டிலேயே மனித நுரையீரல் உயிரணு வரிசை ஒன்றில் சோதித்தபோது அது தடுக்கவில்லை. குரங்கின் சிறுநீரகம் சொன்ன விடையை மனிதனின் நுரையீரல் ஏற்கவில்லை.

நஞ்சே மருந்தாதல்

நச்சுத்தன்மை எப்போதும் விலக்கத்தக்கதோ எனின், அன்று. புற்றுநோய்த் துறையில் தேடப்படுவதே நச்சுத்தான். ஆனால் நோயுற்ற உயிரணுவை மட்டும் நாடும் நச்சு.

நம் வீட்டு முற்றங்களிலும் தர்காக்களின் ஓரங்களிலும் பூத்து நிற்கும் நித்தியகல்யாணிச் செடி மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்டது. நாட்டு மருத்துவத்தில் நீரிழிவுக்குப் பயன்படுவதாகக் கேள்வியுற்று, 1950களில் கனடா நாட்டு ஆய்வாளர் ராபர்ட் நோபிள் அதன் சாற்றை எலிகளுக்குக் கொடுத்தார். சர்க்கரை குறையவில்லை; வெள்ளணுக்கள் குறைந்தன. தோல்வி எனத் தூக்கி எறிந்திருக்கலாம். அவரும் சார்லஸ் பீர் என்பவரும் அதனைத் தொடர்ந்து ஆய்ந்து 1958இல் வின்பிளாஸ்டின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்ததை அறிவித்தனர். அதே செடியிலிருந்து வந்த வின்கிரிஸ்டின் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் இன்றியமையாத மருந்தாக உள்ளது. உயிரணு பிளவுறும்போது தோன்றும் நுண்குழல்களைத் தடுத்து இவை செயற்படுகின்றன. தமிழகத்தின் தென்மாவட்டங்களில் இச்செடி பயிரிடப்படுவதும் மருந்துக்காகவே.

சோதனை ஏமாற்றும் இடங்கள்

மூலிகைச் சாறுகளை எம்.டி.டி. முறையில் சோதிப்பது நம் கல்லூரிகளில் பெருகியுள்ள ஆய்வு. அதில் ஈடுபடும் மாணவர்கள் அறிய வேண்டியது ஒன்றுண்டு. வைட்டமின் சி போன்ற பொருள்களும், செடிகளிலுள்ள பல ஃபிளேவனாய்டுகளும், உயிரணுவின் உதவியின்றித் தாமே அம்மஞ்சள் சாயத்தை ஊதாவாக்க வல்லவை. உயிரணு மடிந்த குழியும் ஊதாவாகத் தோன்றும். ‘நஞ்சில்லை’ என நாம் எழுதிவிடுவோம். சாற்றை மட்டும் இட்டு, உயிரணு இடாத குழியொன்றை வைத்தால் இப்பிழை வெளிப்படும். ஒரு குழியின் செலவு மிகச் சிறிது. அது காக்கும் உண்மை பெரிது.

இரண்டாவது, சர்க்கரை தரும் ஏமாற்றம். வளர்ப்பு ஊடகத்தில் குளுக்கோஸ் மிகுந்திருப்பதால், புற்றுநோய் வழிவந்த உயிரணுக்கள் மைட்டோகாண்ட்ரியாவைப் பெரிதும் சாராமலே ஆற்றல் பெற்றுவிடுகின்றன. எனவே மைட்டோகாண்ட்ரியாவைத் தாக்கும் நஞ்சு அவற்றைக் கொல்வதில்லை. குளுக்கோசுக்கு மாறாகக் காலக்டோசைக் கொடுத்தால் அவை மைட்டோகாண்ட்ரியாவை நம்பியே வாழ வேண்டியிருக்கும். அப்போது நஞ்சு வெளிப்படும். செல்வத்தில் மறைந்திருந்த குறை வறுமையில் தெரிகிறது.

மூன்றாவது, கல்லீரலின் வேலை. பாரசிட்டமால் மாத்திரையை அளவு மீறி உண்டால் கல்லீரல் கெடுவது யாவரும் அறிந்தது. கேடு செய்வது அம்மாத்திரைப் பொருளன்று. கல்லீரலின் நொதிகள் அதனை மாற்றும்போது பிறக்கும் வேறொரு பொருள். ஹெப் ஜி2 உயிரணுக்களில் அந்நொதிகள் மிகக் குறைவு. ஆகவே இத்தகைய நஞ்சுகளை அவை தவறவிடக்கூடும்.

நான்காவது, ஆள்மாறாட்டம். 1966இல் ஸ்டான்லி கார்ட்லர், வேறு வேறு திசுக்களின் பெயரால் ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்பட்ட பல உயிரணு வரிசைகள் உண்மையில் ஹீலாவே என்று எடுத்துக்காட்டினார். விரைந்து பெருகும் ஹீலா பிற தட்டுகளில் கலந்து அங்கிருந்தவற்றை விழுங்கிவிட்டிருந்தது. இன்று உயிரணுவின் மரபணு அடையாளத்தைச் சரிபார்த்த பின்னரே ஆய்வைத் தொடங்க வேண்டும் என்பது நன்னெறி.

ஃபையலூரிடின் தந்த பாடம்

இவை யாவும் ஆய்வேட்டின் அடிக்குறிப்புகள் என எண்ணுவார்க்கு 1993ஆம் ஆண்டு ஒரு மறுமொழி தந்தது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலுள்ள தேசிய உடல்நல நிறுவனத்தில், ஹெப்படைட்டிஸ் பி நோயாளிகள் 15 பேருக்கு ஃபையலூரிடின் என்னும் புதுமருந்து கொடுக்கப்பட்டது. எலி முதலிய விலங்குகளில் முன்னரே சோதிக்கப்பட்டுக் கல்லீரலுக்குக் கேடு காணப்படாத மருந்து அது. முதற்கிழமைகளில் வைரசின் அளவு நன்கு இறங்கியது. மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 13ஆம் கிழமையில் ஒருவர் கல்லீரல் செயலிழப்புடன் வந்தார். மருந்து உடனே நிறுத்தப்பட்டது. நிறுத்திய பின்னும் கேடு நிற்கவில்லை. 7 பேருக்குக் கல்லீரல் கடுமையாகச் சிதைந்தது. அவர்களுள் ஐவர் இறந்தனர். இருவர் கல்லீரல் மாற்று அறுவையால் பிழைத்தனர்.

நிகழ்ந்தது என்ன? அம்மருந்து மைட்டோகாண்ட்ரியாவின் மரபுப்பொருளில் புகுந்து அதனைக் கெடுத்தது. இருக்கும் மைட்டோகாண்ட்ரியா தேயும்வரை கேடு வெளியில் தெரியாது, வாரங்கள் ஆகும். 72 மணி நேரச் சோதனை அதனைக் காணும் முன்னே முடிந்துவிடும். விலங்குகள் ஏன் எச்சரிக்கவில்லை? 2006இல் வெளியான ஆய்வொன்று விடை தந்தது. இவ்வகை மருந்தை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொண்டு சேர்க்கும் புரதம் மனிதரின் மைட்டோகாண்ட்ரியச் சவ்வில் உள்ளது. எலியின் மைட்டோகாண்ட்ரியச் சவ்வில் அது இல்லை. 2014இல், மனிதக் கல்லீரல் உயிரணுக்களைத் தாங்கிய எலிகளுக்கு அம்மருந்தைக் கொடுத்தபோது கல்லீரல் கேடு தெளிவாக வெளிப்பட்டது. சிங்கத்தையும் குதிரையையும் குறித்து இப்னு சீனா வகுத்த விதியை நாம் இங்கே மீண்டும் நினைவுகூர்கிறோம்.

அம்மருத்துவர்கள் கவனமற்றவர்கள் அல்லர். அன்றிருந்த சோதனைகளைச் செய்தே தொடங்கினர். சோதனை கேட்காத கேள்விக்கு விடை சொல்லாது என்பதே அந்த ஐந்து உயிர்கள் விட்டுச்சென்ற பாடம்.

அதன்பின் சோதனை முறைகள் வளர்ந்துள்ளன. உயிரணுக்களை உருண்டைகளாக்கி வாரக்கணக்கில் வளர்த்தல், தண்டுயிரணுவிலிருந்து மனித இதய, கல்லீரல் உயிரணுக்களை உருவாக்கல், 2010இல் நுரையீரலைக் கொண்டு தொடங்கிய ‘சில்லின்மேல் உறுப்பு’ எனப்படும் முறை ஆகியன குறிப்பிடத்தக்கவை. 2022 டிசம்பரில் அமெரிக்காவில் இயற்றப்பட்ட சட்டம், மனிதச் சோதனைக்குமுன் விலங்குச் சோதனை கட்டாயம் என்றிருந்த நிலையைத் தளர்த்தி, உயிரணு வழிச் சோதனைகளுக்கும் இடமளித்தது. பொறுப்பு உயிரணுவின் மீது கூடுகிறது. எனவே உயிரணுவிடம் கேட்பவரின் பொறுப்பும் கூடுகிறது.

முடிவுரை

இறுதியாகத் தமிழ்த்துறையார் என்னும் முறையில் ஒன்று சொல்லி அமைகிறோம். தமிழில் எதிர்மறை ஒருவகைப்பட்டதன்று. ‘நஞ்சு அன்று’ என்பது பொருளின் தன்மையை மறுப்பது. ‘நஞ்சு இல்லை’ என்பது இருப்பையே மறுப்பது. ‘நஞ்சு கண்டிலம்’ என்பது வேறு. அதில் தேடியவர் உள்ளார். தேடிய காலம் உள்ளது. தேடலின் எல்லை உள்ளது. கண்டிலம் என்பதன் தன்மைப் பன்மை விகுதி, தேடிய நம்மையே பொறுப்பாளிகளாக்குகிறது.

உயிரணு நச்சுச் சோதனை ஒன்றினை முடித்த மாணவன் எழுதத்தக்கது இம்மூன்றாவது தொடரே. ‘இந்த உயிரணுவில், இந்தச் செறிவில், இத்தனை மணி நேரத்தில், இம்முறையால் நஞ்சு கண்டிலம்’ என எழுதுவது ஆய்வின் குறையன்று, அதன் நேர்மை. ‘நஞ்சில்லை’ எனச் சுருக்கி எழுதினால் ஒரு வரி மிச்சமாகும். அவ்வரியை நம்பி நாளை ஒரு நோயாளி வாய் திறக்கக்கூடும்.

அறிவியல் மாணவர்கள் தம் ஆய்வேட்டின் முடிவுரையை ஒருமுறையேனும் தமிழில் எழுதிப் பார்க்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள். எழுதும்போது அன்று, இல்லை, கண்டிலம் என்னும் மூன்றனுள் எது தம் பேனாவில் வருகிறது எனக் கவனிப்பாராக. தமிழ் மாணவர்களும், தாம் மனப்பாடம் செய்யும் எதிர்மறை இலக்கணம் ஆய்வுக்கூடத்தில் ஓர் உயிரைக் காக்கும் கருவியாகக்கூடும் என்பதை உணர்வாராக.